இரண்டு நிமிடத்தில் ஐந்து வாரம்: புதுப் போனுக்கான காத்திருப்பு எங்கிருந்து வருகிறது?

முன்பதிவு தொடங்கும் நொடிக்காகக் காத்திருக்கிறோம். பக்கம் திறக்க மறுக்கிறது. மறுபடி மறுபடி முயன்று, நிறத்தைத் தேர்ந்தெடுத்து, முகவரியைச் சரிபார்த்து, பணம் கட்டி முடித்து நிமிர்ந்தால், இரண்டு நிமிடத்துக்கு முன் "வெளியீட்டு நாளிலேயே" என்றிருந்த டெலிவரி தேதி "ஐந்து வாரம்" என்று மாறியிருக்கிறது. அந்த ஐந்து வாரமும் நிலையாக நின்றால் பரவாயில்லை. நாள் நெருங்கும்போது "உங்கள் ஆர்டர் தாமதமாகிறது, பொறுமைக்கு நன்றி" என்று ஒரு மின்னஞ்சல் வருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு இப்படி மூன்று முறை தேதி தள்ளிப்போனது. பழைய போனைப் புதியது வரப்போகிறது என்ற நம்பிக்கையில் விற்றுவிட்டு, இரவல் போனில் ஏழு வாரம் ஓட்டினேன். தாமதத்தைவிட அதிகம் உறுத்தியது, ஏன் தாமதம் என்று யாரும் சொல்லாததுதான். அந்தக் கோபத்தில்தான் இதைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். இந்தத் துறையைப் பற்றி ஒன்றும் தெரியாதவருக்கும் புரியும்படி, படித்ததில் தெளிந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. எண்கள் கற்பனை; ஆனால் நடப்பது இப்படித்தான்.

ஒரு புதுப் போனுக்கு முதல் நாளே 20 லட்சம் பேர் ஆர்டர் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனத்தின் கையில் தயாராக இருப்பது 8 லட்சம். தொழிற்சாலை ஒரு நாளைக்கு 40,000 போன் செய்கிறது. முதல் 8 லட்சம் பேருக்குச் சொன்ன நாளில் கிடைத்துவிடும். மீதி 12 லட்சம் பேர் வரிசையில் நிற்கிறார்கள். அந்த வரிசையின் கடைசி ஆளுக்குப் போன் போய்ச் சேர 30 நாள் ஆகும். முன்பதிவின் முதல் நிமிடங்களில் தேதி கண்ணெதிரே தாவித் தாவி ஓடுவது இதனால்தான். தயாராக இருந்த கையிருப்பு தீர்ந்த நொடியிலிருந்து, ஒவ்வொரு ஆர்டரும் இன்னும் செய்யப்படாத ஒரு போனுக்கான ஆர்டர். வரிசையில் 40,000 பேர் கூடினால் தேதி ஒரு நாள் தள்ளிப்போகிறது.

இப்போது இன்னொன்றைச் சேர்ப்போம். அடுத்தடுத்த நாள்களில் புதிதாக 20,000 பேர் ஆர்டர் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வரிசை ஒரு நாளைக்கு 20,000 வீதம்தான் குறையும். பத்தாவது நாளில் ஆர்டர் போடுபவருக்கு முன்னால் 10 லட்சம் பேர் இருப்பார்கள். அவர் காத்திருப்பது 25 நாள். முப்பதாவது நாளில் போடுபவருக்கு 15 நாள். அறுபதாவது நாள் போடுபவர் காத்திருக்கவே வேண்டாம். முதல் நாளே அடித்துப் பிடித்து ஆர்டர் போட்டும் கையிருப்பு தீர்ந்து வரிசையின் கடைசியில் மாட்டிக்கொண்டவர்தான் மிக நீண்ட காத்திருப்பை அனுபவிக்கிறார். நியாயமில்லைதான். ஆனால் இதில் யாருடைய சதியும் இல்லை, கூட்டல் கழித்தல் மட்டுமே.

இதே கணக்கில் தொழிற்சாலையின் வேகம் பாதியாகக் குறைந்து 20,000 ஆகிவிட்டால்? 30 நாள் 60 நாளாகும். புது ஆர்டர்களும் அதே 20,000 என்பதால் வரிசை குறையவே குறையாது. தள்ளிப்போன தேதி திரும்பவும் தள்ளிப்போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். தேதியைக் கணிக்கும்போது நாளைக்கு இத்தனை போன் வரும் என்று ஓர் எதிர்பார்ப்பு வைத்திருந்தார்கள், அது பொய்த்துவிட்டது.

ஏன் பொய்க்கிறது? பாகங்களால்.

ஒரு ஸ்மார்ட்போனுக்குள் நூற்றுக்கணக்கான பாகங்கள் இருக்கின்றன. திரை, பேட்டரி, கேமரா, சிப், சட்டகம் என்று பெரியவை. கண்ணுக்குத் தெரியாத மின்தேக்கிகள் போலச் சிறியவை. இவற்றில் மற்றதெல்லாம் வந்து குவிந்திருந்தாலும் ஒன்று வராவிட்டால் போன் இல்லை. எது கடைசியாக வருகிறதோ அதன் வேகம்தான் மொத்தப் போனின் வேகம். கேமரா ஒரு நாளைக்கு ஒரு லட்சம் வருகிறது, திரை 80,000 வருகிறது, ஆனால் ஒரு சின்ன சென்சார் 15,000 மட்டுமே வருகிறது என்றால், அன்றைக்கு 15,000 போன்தான்.

பின்தங்குவது பெரும்பாலும் புதிய பாகம். எந்தப் புதுமைக்காக நாம் அந்தப் போனை விரும்புகிறோமோ, அதைச் செய்வதுதான் அவர்களுக்கும் கடினமாக இருக்கிறது. 2017-இல் ஐபோன் எக்ஸ் வந்தபோது முகத்தைப் பார்த்துப் பூட்டைத் திறக்கும் வசதிதான் அதன் பெரிய கவர்ச்சி. கண்ணுக்குத் தெரியாத 30,000-க்கும் மேற்பட்ட அகச்சிவப்புப் புள்ளிகளை முகத்தின்மேல் வீசும் ஒரு குட்டிக் கருவி அதற்குள் இருந்தது. அதைத் துல்லியமாகவும் பெரும் எண்ணிக்கையிலும் செய்வது சிரமமாக இருந்ததாக அப்போது செய்திகள் வந்தன. செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட போன் நவம்பர் 3 அன்றுதான் விற்பனைக்கு வந்தது. அக்டோபர் 27 அன்று முன்பதிவு தொடங்கிய சில நிமிடங்களில் காத்திருப்பு ஐந்து, ஆறு வாரமானது. ஆனால் ஆண்டு முடிவதற்குள் அது சில நாள்களாகச் சுருங்கிவிட்டது. உற்பத்தி பழகப் பழக வேகம் கூடியது.

சில சமயம் புதுமைகூடத் தேவையில்லை, ஒரு நிறம் போதும். 2010 ஜூனில் ஐபோன் 4 அறிவிக்கப்பட்டபோது கறுப்பு, வெள்ளை என இரண்டு நிறங்கள் சொல்லப்பட்டன. கறுப்பு அப்போதே வந்தது. வெள்ளை, செய்வதற்கு எதிர்பார்த்ததைவிடக் கடினமாக இருக்கிறது என்ற அறிவிப்புடன் தள்ளிப்போய், திரும்பத் திரும்பத் தள்ளிப்போய், 2011 ஏப்ரல் 28 அன்றுதான் கடைக்கு வந்தது. பத்து மாதம்! வெள்ளை என்பது நமக்கு ஒரு தேர்வு. அவர்களுக்கு வேறு பூச்சு, வேறு ஒளிக்கசிவு, வேறு சோதனை.

இங்கே தொழிற்சாலைக்காரர்கள் தினமும் பேசும் ஒரு சொல்லைத் தெரிந்துகொள்வது நல்லது: விளைச்சல். வயலில் விதைத்ததெல்லாம் தேறுவதில்லை என்பதுபோல, தொழிற்சாலையில் செய்ததெல்லாம் தேறுவதில்லை. நூறு திரை செய்தால் எழுபதுதான் சோதனையில் தேறுகிறது என்றால் விளைச்சல் 70 சதவீதம். மீதி முப்பது குப்பை. புது வகைப் பாகத்துக்குத் தொடக்கத்தில் விளைச்சல் குறைவாகத்தான் இருக்கும்.

இது எவ்வளவு கொடுமையான கணக்கு என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஒரு பாகம் செய்யப் பத்துப் படிகள். ஒவ்வொரு படியிலும் நூற்றுக்கு 95 தேறுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் படியில் தேறிய 95-இல்தான் அடுத்த படியின் 95 சதவீதம் கணக்கிடப்படும். இப்படிப் பத்துப் படிகளையும் தாண்டி வெளியே வருவது நூறில் ஏறக்குறைய 60 மட்டுமே. ஒவ்வொரு படியையும் 99-க்கு உயர்த்திவிட்டால் அதே பத்துப் படிகளில் 90 தேறும். இந்த 60-க்கும் 90-க்கும் நடுவில் இருக்கும் காலம்தான் பெரும்பாலும் நம் காத்திருப்பு. அந்த இடைவெளியில் பொறியாளர்கள் இரவும் பகலும் தவறு எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள். இதைப் படித்த பிறகு என் கோபத்தில் பாதி அவர்கள்மீது இல்லாமல் போனது.

சிப்பின் கதை இன்னும் பிடிவாதமானது. மற்ற பாகங்களுக்கு இன்னொரு இயந்திரத்தைப் போட்டு வேகம் கூட்ட முயலலாம். நவீன சிப், சிலிக்கான் தகடாக உள்ளே போய்ச் சிப்பாக வெளியே வர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகிறது. நூற்றுக்கணக்கான படிகள், எதையும் தாண்டிக் குதிக்க முடியாது. ஆக, வெளியீட்டு நாளில் தேவை எதிர்பார்த்ததைவிட இரு மடங்கு என்று தெரிந்து அன்றே கூடுதல் சிப் கேட்டாலும், அது வந்து சேரும்போது பருவமே மாறியிருக்கும். முதல் மாதம் நமக்குக் கிடைக்கும் போன்களின் எண்ணிக்கையை, அந்தப் போனை யாரும் பார்த்திராத காலத்திலேயே யாரோ ஒருவர் ஊகித்து எழுதிவிட்டார்.

அந்த ஊகத்தில் எண்ணிக்கை ஒரு பக்கம். எது எத்தனை என்பது இன்னொரு பக்கம். நான்கு நிறம், மூன்று அளவு நினைவகம் என்றாலே பன்னிரண்டு வகை. பெரியது, சிறியது என்று இரண்டு போன் என்றால் இருபத்து நான்கு. மொத்த எண்ணிக்கை சரியாக இருந்தும் வகை தவறினால், ஒரு பக்கம் ஒரு நிறம் கிடங்கில் தூங்கும், மறுபக்கம் இன்னொன்றுக்கு ஆறு வாரம் வரிசை நிற்கும். 2015-இல் சாம்சங் கேலக்ஸி எஸ்6, எஸ்6 எட்ஜ் என இரண்டை ஒன்றாக வெளியிட்டது. ஓரங்கள் வளைந்த எட்ஜுக்கு எதிர்பார்த்ததைவிட அதிகப் பேர் வந்தார்கள். அந்த வளைந்த திரையை வேகமாகச் செய்ய முடியவில்லை. தட்டையானது தாராளமாகக் கிடைக்க, எட்ஜ் பல வாரங்கள் அரிதாகவே இருந்தது.

"அப்படியானால் நிறையச் செய்து அடுக்கிவைத்துவிட்டு அப்புறம் வெளியிட வேண்டியதுதானே?" நானும் இதைத்தான் கேட்டேன். நியாயமான கேள்வி. இதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட பதில்கள் உண்டு.

போன் அடுக்கிவைத்தால் மதிப்பு ஏறும் பொருள் அல்ல. ஆப்பிளின் டிம் குக் கையிருப்பைப் பால் வியாபாரத்துடன் ஒப்பிட்டுப் பேசியிருக்கிறார்: கெடாமல் இருக்கும் நாள் கடந்துவிட்டால் சிக்கல்தான். பாகங்களின் விலை இறங்கிவிடலாம், போட்டியாளரின் போன் வந்துவிடும், படங்களும் விவரங்களும் கசியும், போட்ட முதல் முடங்கிக் கிடக்கும். இதையெல்லாம்விடப் பெரிய பயம் ஒன்று உண்டு. அடுக்கிவைத்த அத்தனையிலும் ஒரே குறை இருந்தால்? 2016 ஆகஸ்டில் விற்பனைக்கு வந்த கேலக்ஸி நோட் 7 போன்களின் பேட்டரி தீப்பிடித்ததால், செப்டம்பர் தொடக்கத்திலேயே ஏறத்தாழ 25 லட்சம் போன்களைத் திரும்பப் பெறுவதாக அறிவிக்க வேண்டியிருந்தது. மாற்றாகக் கொடுத்தவையும் எரிந்தன. அக்டோபரில் அந்தப் போனே கைவிடப்பட்டது. முன்கூட்டியே இன்னும் அரைக் கோடி செய்து வைத்திருந்தால் அவ்வளவும் ஆபத்தான குப்பையாகியிருக்கும்.

இன்னொன்று, தேவையின் வடிவம். முதல் வாரம் மலைபோல் எழும், பிறகு சரிந்துவிடும். அந்த உச்சத்துக்கு ஏற்பத் தொழிற்சாலை கட்டினால் மீதி ஆண்டெல்லாம் இயந்திரங்கள் சும்மா நிற்கும். நடுவாந்தரமான வேகத்தில் கட்டிவிட்டு, உச்சத்தின் பாரத்தை நம் பொறுமையின்மேல் வைத்துவிடுகிறார்கள். இது ஒரு வணிக முடிவு. தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை முடிவு என்றே ஒப்புக்கொள்ளலாம், "எதிர்பாராத வரவேற்பு" என்று ஒவ்வோர் ஆண்டும் சொல்லத் தேவையில்லை.

எதிர்பாராதவையும் நடக்கின்றன. 2022 நவம்பரில் சீனாவின் ஜெங்ஜோ நகரில் உள்ள ஃபாக்ஸ்கான் ஆலை கோவிட் கட்டுப்பாடுகளால் முடங்கியது. ஐபோன் 14 ப்ரோ, ப்ரோ மேக்ஸ் இரண்டும் பெருமளவில் அங்கேதான் பொருத்தப்பட்டன. அங்கே உற்பத்தி வெகுவாகக் குறைந்துவிட்டது, வாடிக்கையாளர்கள் அதிக நாள் காத்திருக்க நேரும் என்று ஆப்பிள் வெளிப்படையாக அறிவித்தது. பண்டிகைப் பருவம் முழுக்க அந்தப் போன்கள் தட்டுப்பாட்டில் இருந்தன.

இனி, நம் பக்கத்திலிருந்து வரும் சிக்கல். தட்டுப்பாடு என்று கேள்விப்பட்டதும் நாம் என்ன செய்கிறோம்? மூன்று இடத்தில் ஆர்டர் போடுகிறோம், எது முதலில் வந்தாலும் மற்றதை ரத்து செய்யலாம் என்று. கடைக்காரரும் அதையே செய்கிறார்: கேட்டதில் பாதிதான் வரும் என்று தெரிந்து இரு மடங்கு கேட்கிறார். மொத்த விற்பனையாளர் அதைப் பார்த்து இன்னும் கூட்டிக் கேட்கிறார். தொழிற்சாலைக்குப் போய்ச் சேரும்போது சின்ன ஏற்றம் பேரலையாகத் தெரிகிறது. சவுக்கின் பிடியை மெல்ல அசைத்தால் நுனி பெரிதாக வீசுவதைப் போன்றது என்பதால் இதற்குச் சவுக்கு விளைவு என்று பெயர். இந்த ஏற்றத்தாழ்வு எப்படிப் பெருகுகிறது என்பதை ஜே ஃபாரஸ்டர் என்ற பேராசிரியர் 1961-லேயே விளக்கிவிட்டார். ஸ்மார்ட்போன் அப்போது கனவிலும் இல்லை. போலி ஆர்டர்களால் ஊதிய எண்ணைப் பார்க்கும் தொழிற்சாலைக்கு எது உண்மைத் தேவை என்று தெரிவதில்லை. நம்பிக் கூட்டினால் இரண்டு மாதத்தில் ரத்துகள் வந்து குவியும். நம்பாமல் விட்டால் வரிசை நீளும்.

அடுத்தது, என்னை மிகவும் வாட்டிய கேள்வி. "நான் முதல் நாள் ஆர்டர் போட்டுக் காத்திருக்கிறேன். நண்பர் நேற்றுச் சும்மா கடைக்குள் போய் வாங்கிவந்துவிட்டார். எப்படி?" வரிசை ஒன்றல்ல, பல என்பதுதான் பதில். வரும் போன்களை நாடுவாரியாக, பின் நிறுவனத்தின் இணையக் கடை, நேரடிக் கடைகள், தொலைத்தொடர்பு நிறுவனங்கள், மற்ற விற்பனையாளர்கள் என்று முன்பே பங்கு பிரித்துவிடுகிறார்கள். ஒரு வரிசையில் மிஞ்சியதைத் தூக்கி இன்னொரு வரிசைக்குத் தருவது வழக்கமில்லை. கடையில் அலமாரி காலியாகத் தெரியக்கூடாது என்பதற்காகவும் ஒரு பங்கு ஒதுக்கப்படுகிறது. இதற்கு எனக்கு இன்றும் சமாதானமாகவில்லை. பணம் கட்டிக் காத்திருப்பவருக்கு முதல் உரிமை என்பது எளிய நேர்மை.

அப்படியானால் வேண்டுமென்றே உண்டாக்கும் தட்டுப்பாடு இல்லவே இல்லையா? உண்டு, ஆனால் நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை என்பது என் கருத்து. பெரிய நிறுவனத்துக்கு விற்காத ஒவ்வொரு போனும் இழப்பு. காத்திருப்பவர் மனம் மாறி வேறொன்றை வாங்கிவிடலாம். சிறிய நிறுவனங்களின் நிலை வேறு. 2014-இல் ஒன்பிளஸ் தன் முதல் போனை அழைப்பு வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே விற்றது. கையில் பெரிய முதலில்லாத நிறுவனம், விற்பனை உறுதியான அளவுக்கு மட்டும் செய்து தப்பிக்க அது ஒரு வழி. கூடவே ஆசையைத் தூண்டிய விளம்பரமும் ஆனது. 2016-இல் ஒன்பிளஸ் 3 வந்தபோது அழைப்பு முறையைக் கைவிட்டார்கள். குறித்த நேரத்தில் கதவைத் திறந்து சில நொடிகளில் "தீர்ந்தது" என்று மூடும் திடீர் விற்பனைகளும் இதே வகைதான். உண்மையான தட்டுப்பாட்டையும் வேண்டுமென்றே உண்டாக்கியதையும் பிரித்தறிய ஓர் அடையாளம் உண்டு. பாகத் தட்டுப்பாடு என்றால் பெரும்பாலும் பல நாடுகளிலும் பல கடைகளிலும் ஒரே நேரத்தில் தெரியும், வாரவாரம் மெல்லத் தளரும். ஒரே ஒரு இடத்தில், சொல்லி வைத்ததுபோல் வாரந்தோறும் அதே நொடியில் தீர்ந்தால், எத்தனை வைத்திருந்தார்கள் என்ற எண்ணைக் கேட்க வேண்டும். அந்த எண்ணை அவர்கள் சொல்வது அரிது.

இதில் எது மன்னிக்க முடியாதது என்று கேட்டால் மௌனம்தான் என்பேன். 2012 நவம்பர் 13 அன்று கூகுளின் நெக்ஸஸ் 4 விற்பனைக்கு வந்து, சில நாடுகளில் ஒரு மணி நேரத்துக்குள் தீர்ந்தது. ஆர்டர் ஏற்கப்பட்டவர்களுக்கும் பிறகு தாமத அறிவிப்பு போனது. அடுத்த மாதம் கூகுளின் பிரிட்டன் தலைவராக இருந்த டான் காப்லி மன்னிப்புக் கேட்டார். தயாரிப்பாளரிடமிருந்து வரத்து குறைவாகவும் ஒழுங்கற்றும் இருக்கிறது என்றார். அதோடு நிற்காமல், எங்கள் தகவல் தொடர்பிலும் குறை இருந்தது என்று ஒப்புக்கொண்டார். இவ்வளவு நேராக ஒருவர் சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை.

காத்திருப்பவர் தன்னளவில் செய்யக்கூடியவை சில. முதல் நாளே வேண்டும் என்ற கட்டாயம் இல்லையென்றால் ஆறு, எட்டு வாரம் தள்ளிப் போடுங்கள். வரிசையும் கரைந்திருக்கும், தொடக்கக் குறைகளும் வெளிப்பட்டிருக்கும். கட்டாயம் உண்டென்றால் நிறத்திலும் நினைவகத்திலும் பிடிவாதத்தைத் தளர்த்துங்கள். ஒரே போனின் இரண்டு வகைகளுக்கு இடையே சில வாரங்கள் வித்தியாசம் இருக்கலாம். ஆர்டர் போடும் முன், பணம் இப்போதே எடுக்கப்படுகிறதா, அனுப்பும்போதுதானா, ரத்து செய்தால் எத்தனை நாளில் திரும்பும் என்று பாருங்கள். ஆர்டர் போட்ட நிமிடத்தில் திரையில் தெரியும் தேதியைப் படமெடுத்து வையுங்கள்; பின்னால் பேச நேர்ந்தால் உதவும். இரு மடங்கு விலைக்கு மறுவிற்பனை செய்பவரிடம் போகாதீர்கள். அவர் விற்பது நம் வரிசையில் நின்று எடுத்த போனைத்தான். பழைய போனைப் புதியது கையில் வரும்வரை விற்க வேண்டாம், இதை என் ஏழு வாரத்திலிருந்து சொல்கிறேன்.

வேறிடத்தில் இரண்டாவது ஆர்டர் போட்டிருந்தால், ஒன்று கைக்கு வந்த அன்றே மற்றதை ரத்து செய்துவிடுங்கள். நம் கணக்கில் வரிசையில் நிற்கும் 12 லட்சத்தில் 4 லட்சம் இப்படிப்பட்ட இரட்டை ஆர்டர்கள் என்றால், அவை விலகியதும் கடைசி ஆளின் 30 நாள் 20 நாளாகிவிடும்.